முப்பது பேரும் துண்டும்

டாக்டர்களை நான் நம்புவதில்லை. என் மகள் கிளாரா டாக்டரான பிறகும் நம்பவில்லை. 1998-இல் அவள் மேல்படிப்புக்காகத் திண்டுக்கல் மார்க்கெட் சுமைக்காரர்களைச் சோதிக்க வந்தாள். சர்க்கரை நோயாளிகளோடு ஒப்பிட, நோயில்லாத உழைப்பாளிகள் முப்பது பேர் வேண்டுமாம். இருபத்தொன்பது பேர் முடிந்து, கடைசி ஆள் நான். திங்கட்கிழமை இந்தக் கணக்கைக் காலேஜில் கொடுக்காவிட்டால் அவள் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போய்விடும்.

எங்கள் சுமைக்காரர் சங்க அறையில் உட்காரவைத்து, கையை ஐஸ் தண்ணீரில் முக்கச் சொன்னாள். பிறகு ஒரு கைப்பிடியை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நரம்பு இதயத்தைச் சரியாக ஓட்டுகிறதா என்பது, ரத்த அழுத்தம் ஏறுவதில் தெரிந்துவிடுமாம். மூட்டை தூக்கிய கை, ஏறவேண்டியது ஏறியது. கடைசியாகப் படுக்கவைத்து, சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னாள்; நிற்கும்போது அழுத்தம் ரொம்ப இறங்கக் கூடாதாம். படுத்தபோது நூற்று நாற்பது, நின்றபோது நூற்று முப்பத்தாறு. கூடப் படிக்கும் ஜெரின், எல்லாம் முடிந்தது என்று பையைக் கட்டினான்.

கிளாரா போகவில்லை. அன்று காலை நான் குளித்துவிட்டு வரும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறாள். என் சட்டையை விலக்கினாள். சுமைக்காரன் வயிற்றை இறுக்கித் துண்டு கட்டாமல் வெளியே வரமாட்டான்.

"அத அவுத்துருங்கப்பா."

"எதுக்கு? அதான் சரியா இருக்குல்ல."

"வயித்த இறுக்குனா ரத்தம் கீழ எறங்காது. இது துண்டு காட்டுற நம்பரு. உங்க நம்பரு இல்ல."

அவிழ்த்துப் படுத்து எழுந்தேன். அறை சுற்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். நூற்று நான்கு.

அவள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது பேரும் துண்டோடுதான் நின்றிருந்தார்கள். இருப்பதை அப்படியே கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றான் ஜெரின். நானும் அதையே சொன்னேன். ஆறு மாதம் என்ன சும்மாவா?

"எனக்குத் தெரியுமேப்பா," என்றாள். நிற்கவைத்துப் பார்த்த எண்களை வரிசையாகக் கோடு போட்டு அடித்தாள். இவள் என் மகளா என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போனேன். மறுபடி சோதனை என்றதும், அந்த இருபத்தொன்பது பேரில் ஒருவனான பொம்மையன்தான் முதலில் முறைத்தான். "ஊசி போட்டுச் சோதிக்கப் போறாளா ஒம் மக?" என்று சிரித்தான். மறுபடி படுத்து எழ வேண்டும், துண்டில்லாமல், என்றேன். எனக்கு நூற்று நான்குக்கு இறங்கியதையும் மறைக்காமல் சொன்னேன். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். நான்கு பேர் என்னைப் போலவே தள்ளாடினார்கள், பொம்மையனும் ஒருவன்.

எல்லாரையும் மறுபடி சோதித்து முடிப்பதற்குள் திங்கட்கிழமை போயிற்று. ஆறு மாதம் கழித்துத்தான் பாஸானாள். எப்படி ஆறு மாதம் தள்ளிப்போனது என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.