குழலில் விட்ட துணி

துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருந்த முடி தம்பியுடையது. வடிவேல் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான்.

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் அது. துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது பங்களா வாட்ச்மேனான அவன் வேலை. துரை கீர்த்திவாசன் முந்தாநாள் அதன் கட்டையால்தான் தம்பி ரவிக்குமாரின் மண்டையைப் பிளந்தான். விறகு எடுத்ததற்காக. ஒரு கட்டு விறகுக்கு ஓர் உயிர்! சரிவில் விழுந்து செத்தான் என்று ஆக்கிவிட்டான், கேட்பாரில்லை. எரித்த சாம்பல்கூட ஆறவில்லை, "மழைக்காலம், துரு ஏறிரும், தொடச்சு வை" என்று துப்பாக்கியை அண்ணன்காரன் கையிலேயே கொடுக்கிறான் பாவி.

வழக்கமாகத் தின்னர்த் துணியைக் குழலுக்குள் கம்பியால் தள்ளி, மறுபக்கம் உருவி எடுப்பான். அன்று இரண்டு குழலிலும் பாதியில் விட்டுவிட்டான். வடிவேல் துடைத்ததைத் துரை ஒருநாளும் குழலுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அடுத்த முறை சுடட்டும், அவன் மூஞ்சியிலேயே வெடிக்கட்டும். நினைக்க நினைக்க வடிவேலுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் பொழுது சாயும்போது ஒற்றை யானை தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குள் இறங்கியது. ரவிக்குமாரின் வீட்டுச் சுவரை முட்டிச் சரித்தது. உள்ளே அவன் மனைவி ரேணுகாவும் கைக்குழந்தையும். பட்டாசு நனைந்து புஸ்ஸென்றது. தகரம் தட்டியும் யானை அசையவில்லை.

துரையின் ஜீப் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. தோட்டா போட்ட துப்பாக்கியை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"மேல பாத்துச் சுடு, வடிவேலு."

"நீங்களே சுடுங்க தொர. எனக்குச் சுட்டுப் பழக்கமில்ல."

"உள்ள இருக்கறது எங்கூட்டு ஆளுங்களா? உன்ற தம்பி பொண்டாட்டிதான? சுடுடா!"

"மாமா! புள்ளையக் காப்பாத்துங்க!" ரேணுகா உள்ளேயிருந்து அலறினாள். கூரை ஒரு பக்கம் இறங்கியது. துணியைத் தள்ளும் கம்பியோ பங்களாவில் கிடந்தது.

வடிவேல் முகத்திலிருந்து முடிந்தவரை துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

வெடித்த சத்தத்தில் யானை பிளிறிக்கொண்டு தேயிலைக்குள் ஓடியது. குழல் வாழைப்பழத்தோல் போல உரிந்து கிடந்தது. அவன் இடதுகையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ரத்தம் சேற்றில் பீச்சியடித்தது. குழந்தையோடு தவழ்ந்து வெளியே வந்த ரேணுகா, முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள்.

கீர்த்திவாசன் அப்போதுதான் இறங்கினான். பிளந்த குழலைக் காலால் புரட்டினான். கருகிய துணி ஒட்டியிருந்தது.

"இத்தன வருசமாத் தொடைக்கற, துணிய வெளிய எடுக்கத் தெரியாதா? நாஞ் சுட்டிருந்தா என்ற கதி என்னாயிருக்கும்?"

வடிவேல் சேற்றில் கிடந்த துப்பாக்கிக் கட்டையைப் பார்த்தான். அவனுடைய வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.