மாட்டு மூச்சு

என் மனைவி மார்கிரட் மாட்டின் தலையை அண்ணாத்திப் பிடித்துக் கஷாயம் ஊற்றினாள். அது நுரையீரலுக்குள் போய்விட்டது. மறுநாள் மாடு கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, விலா அடித்துக்கொள்ள மூச்சு வாங்கியது. மாத்தளை மாட்டு டாக்டர் ஊசிமருந்தை வாங்கி வைக்கச் சொன்னார். பின்னேரம் வந்து போடுவாராம்.

யுத்தம் நடக்கிற காலம். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், அலுவிகாரைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தமிழன் பையில் ஊசிமருந்து! காயப்பட்ட எந்தப் புலிக்கு என்று கேட்டார்கள். மாட்டுக்கு என்று நல்ல சிங்களத்திலேயே சொன்னேன். அப்படியானால் மாட்டுக்கு என்ன வருத்தமென்று செய்து காட்டு என்றார்கள்.

நடுரோட்டில் குனிந்து, கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கினேன். சிரித்தார்கள். உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டு, மறுபடியும் செய்ய வைத்தார்கள். பஸ்ஸில் இருந்த நம்மாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மருந்து கிடைத்தது. மாடு பிழைத்தது.

"அந்தோனியார் கைவிடலீங்க," என்றாள் மார்கிரட்.

இப்போது அந்தச் சாவடியில் என் அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை. "ஹரகா" என்று கூப்பிட்டுப் போக விடுகிறார்கள். சிங்களத்தில் மாடு என்று அர்த்தம். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன்.