மண் கரைத்த தண்ணீர்

மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து, அரியமுத்து கிணற்றுப் பாறையில் மண்டை மோதி விழுந்து அன்றோடு பத்து நாள். அரியலூர் டாக்டர் நினைவு திரும்பாது என்று கைவிரித்துவிட்டார். அவன் பெண்டாட்டி ரத்தினம்மாள் மட்டும் விடவில்லை. பாலாடைச் சங்கில் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்த சொந்தபந்தத்தின் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

அன்று காலை அவள் மூத்தார், அரியமுத்துவின் அண்ணன் ஆண்டவர், தம்பியின் வயலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து செம்பில் கரைத்தார்.

"மண்ணாசைதாம்மா உசிரப் புடிச்சு வச்சிருக்கு. ரெண்டு மடக்கு ஊத்துனா நிம்மதியாப் போயிடுவான்."

மூச்சு முட்டிச் செத்துப்போவான் என்பதைத்தான் பெரிய மனுஷர் இவ்வளவு பதவிசாகச் சொல்கிறார். "நீயாவது கேளேன் தம்பி" என்று ரத்தினம்மாள் கொழுந்தன் சாமிக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் கறுப்புச் சட்டைக்காரன். பெரம்பலூர்ச் சந்தையில் மேடை போட்டு, ஆத்மா என்று ஒன்று இல்லவே இல்லை என்று முழங்குகிறவன். ஆண்டவரும் அவனும் ஒத்துப்போய் ஊர் பார்த்ததில்லை.

"இது மூடத்தனந்தான் அண்ணி. ஆனா ஊத்துனாலும் அவருக்குத் தெரியப்போறதில்ல. வெத்தல பச்ச, பாக்கு பழுப்பு, சுண்ணாம்பு வெள்ள. சேத்து மென்னா செவப்பு வருதுல்ல? நெனவும் அப்படித்தான். மூளை, நரம்பு, ரத்தம் சேந்து உண்டாக்குனது. கலவை கெட்டுச்சு, செவப்பும் போச்சு. உள்ள யாருமில்ல."

சாமி உண்டு என்பவரும் இல்லை என்பவனும் ஒரே செம்புக்கு வந்து நிற்கிறார்களே! ரத்தினம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"அந்தச் செவப்ப நீ வெளியேர்ந்து பாத்துட்டுச் சொல்ற. தான் செவப்பா இருக்கோம்னு எச்சிலுக்குத் தெரியுமாடா? உங்கண்ணனுக்கு வலிச்சா அவருக்குத் தெரியும்! அந்தத் தெரியறது எந்தச் சுண்ணாம்புலேர்ந்து வந்துச்சு? அதச் சொல்லத் தெரியல, உள்ள ஆளில்லன்னு மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

அரியமுத்துவின் கண்ணோரம் ஈரம் கசிந்தது. செம்பைச் சாய்க்கப்போன ஆண்டவர் கை அப்படியே நின்றது.

"கண்ணுல தண்ணி தானா வரும் அண்ணி. அது ஒடம்போட வேலை. அழுக இல்ல." சொல்லும்போதே சாமிக்கண்ணுவுக்குக் குரல் உடைந்தது.

"அப்ப உன் கண்ணுல வர்றது?"

சாமிக்கண்ணு முகத்தைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது. ஆண்டவர் கையிலிருந்த செம்பை வெடுக்கென்று பிடுங்கி, வாசலில் கொட்டிவிட்டு வந்தான்.

ரத்தினம்மாளுக்குக் கோபம் தணியவில்லை. பாலாடையைக் கையில் எடுத்தாள்.

"நிக்காத. தலயத் தூக்கிப் புடி. புரையேறிடப் போவுது."