மேசை விரிப்புக்குக் கீழே

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அரசாங்கம். ஆராய்ச்சிக்கு நிதி தரும் துறை ஒரு மலர் வெளியிடுகிறது. நாடு போட்டியில் பின்தங்கிவிடக் கூடாதென்று கொட்டிய பணம் பலன் தந்ததை, மக்களுக்குப் புரிகிற மாதிரி கதையாகச் சொல்லவேண்டுமாம். என்னை ஏன் பிடித்தார்கள்? என் தங்கை அவர்களுடைய பேட்டரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பது தெரிந்துதான் என்று சந்தேகப்படுகிறேன்.

2

முதல் தொடக்கம்: அமைச்சர் பொத்தானை அழுத்தினார், விளக்கு பளிச்சென்று எரிந்தது, கைதட்டலில் கூரையே—

(அடித்துவிட்டேன். நடந்தது அதுதான் என்றாலும்.)

தங்கை சொன்னது வேறு. அவர்கள் செய்த பேட்டரி ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் முரண்டு பிடிக்கும். அமைச்சர் வருகிற நாளில் வம்பு வேண்டாமென்று, கடையில் வாங்கிய வெளிநாட்டு பேட்டரியை மேசை விரிப்புக்குக் கீழே ஒளித்து, வயரை அதில் மாட்டச் சொல்லியிருக்கிறார் இயக்குநர். நாம் எந்த நாட்டை முந்தவேண்டுமோ அந்த நாட்டுச் சரக்கு. விளக்கு எரிந்த அழகில் அமைச்சர் பூரித்துப்போய், ஆராய்ச்சி முடிந்தது, இனி தொழிற்சாலைதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்தை மூடுகிறார்கள். இன்னும் முடியவில்லை என்று சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை.

(வயரை மாட்டிய கை யாருடையது? கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.)

3

நேற்று போன் செய்தாள். அவர்களுடைய சொந்த பேட்டரியில் ஒரு வாரமாக விளக்கு அணையாமல் எரிகிறதாம். துறைக்குச் சொன்னாளாம். அதுதான் அன்றைக்கே எரிந்ததே என்று சிரித்தார்களாம்.

"பொய்யா எரிஞ்சப்போ எல்லாரும் வந்து பார்த்தாங்கண்ணா. இப்ப நிஜமா எரியுது, எட்டிப் பார்க்க ஆளில்ல. உன் கதையிலயாவது யாரையாவது வரவையேன்."

வரவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கூடவே இந்தப் பாழாய்ப்போன புத்தி, வேலை போகிற நேரம் பார்த்து எப்படிச் சரியாக எரிகிறது என்றும் யோசித்தது.

4

முடிவு ஒன்று: அமைச்சர் திரும்பி வருகிறார். (நானே நம்பமாட்டேன்.)

முடிவு இரண்டு: தங்கை உண்மையை வெளியே சொல்கிறாள். (இயக்குநர் கையை விரித்துவிடுவார், மாட்டிக்கொள்வது இவள்தான்.)

முடிவு மூன்று: ஒரு—

வேண்டாம். வாசகரே, நீங்களே போங்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். விளக்கைப் பாருங்கள், அவளிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அந்த மேசை விரிப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிடுங்கள். என் கூடப் பிறந்தவள்தான், இருந்தாலும்.