பேசுகிற வேஷம்

சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த சங்கிலியை அவன் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். “என்ன புது மாப்பிள்ளை, எங்க கிளம்பியாச்சு?”

அவன் இன்னொரு சட்டையை எடுத்தான். நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நூலக வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிரேன் தூக்குகிற இரும்புக்குச் சங்கிலி மாட்டுவது அவன் வேலை; பெயரும் அதுவாகவே ஒட்டிக்கொண்டது. முதல் வேலைக்கு வரிசையில் நின்ற நாள் தொட்டு அவனை யார் எடுத்தாலும் தோளைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மாட்டைப் பார்க்கிற மாதிரி. ஒரு தடவையாவது வேறு எதையாவது பார்த்து ‘நீ வா’ என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை சட்டை.

துணைக்கு மனைவியின் தம்பி வந்தான். குழாய் வேலைக்காரன், வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன்.

“மாமா, அழச் சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“அழுவேன்டா.”

“நீங்க அழுதா பல்லு வலின்னு நெனைச்சு மாத்திரை குடுத்துடுவாங்க. நாடகம் நடத்தற அம்மா மருந்துக்கடைதான் வச்சிருக்காங்க.”

நூலக மாடியில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் மேடை. மருந்துக்கடை அம்மா அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அவனுக்கு அப்பா வேஷம், அவனைப் போலவே படிக்க வந்திருந்த தையல்கடைப் பெண்ணுக்கு மகள் வேஷம்.

“நான் நாளைக்குக் கிளம்பறேன்பா,” என்று அவள் படித்தாள்.

“நாளைக்குக் கிளம்பற,” என்றான் சங்கிலி. பிறகுதான் தன் வரிக்கு வந்தான். “யாரைக் கேட்டு முடிவு பண்ணின?”

“யாரையும் கேக்கல.”

“யாரையும் கேக்கல, சரி. அப்போ நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அண்ணே, பாதி இதுல இல்லையே!”

கிரேன் வேலையில் காதில் விழுந்த உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டவன் ஒருத்தனுக்கு இன்றைக்கும் வலது கையில் விரல் குறைவு. அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

“வீட்டுலயும் இப்படித்தான்,” என்று மைத்துனன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். “அக்கா உப்பு வாங்கிட்டு வான்னா, ‘உப்பு, சரி’ன்னு சொல்லிட்டுத்தான் செருப்பே மாட்டுவாரு!”

அறை முழுக்கச் சிரிப்பு. மருந்துக்கடை அம்மாவும் சிரித்தார். பிறகு அவர் பார்வை அவன் தோளில் போய் நின்றது.

“மேடை சாமான் நகத்தறதுக்கு எங்களுக்கு ஆளே இல்லங்க. நீங்க வந்தா பெரிய உதவியா இருக்கும்.”

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. இங்கேயுமா?

“அதை நான் பகல் பூரா பண்றேன்மா,” என்றான். “இங்க பேசத்தான் வந்தேன். இன்னொரு தடவை படிக்கட்டுங்களா?”

அவர் தலையசைத்தார்.

இம்முறை அவள் சொன்னதை உள்ளுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டான். உதடு அசையாமலிருக்கப் பல்லைக் கடித்தான். ஒவ்வொரு வரிக்கும் அதற்குள் அறை அமைதியாகிவிடும். அப்புறம் தன் வரி. கடைசியில் தாளில் இடம் தவறி ஒரு வரியை விழுங்கினான். நன்றாகப் படித்தோமா, சொதப்பினோமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

எல்லாரும் படித்து முடித்ததும் மருந்துக்கடை அம்மா எழுந்தார். “அப்பா வேஷம் முடிவெட்டற அண்ணனுக்கு.” சங்கிலிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த ஆள் தன்னைவிட நன்றாகப் படித்தது உண்மை. அதுதான் இன்னும் கசந்தது.

“நீங்க பக்கத்து வீட்டுக்காரர்,” என்றார் அவனிடம்.

“அவர் பேசுவாருங்களா?”

“கொஞ்சம் பேசுவாரு. அந்தப் பொண்ணு அவர்கிட்டதான் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுவா. ரெண்டாவது தடவை அவ பேசறப்போ அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னீங்களே, அந்த மாதிரி நின்னா போதும். இங்க வேற யாரும் அப்படி நிக்கல.”

“அப்போ சாமான்?” என்றான் மைத்துனன்.

“நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க தம்பி, நீங்களே நகத்துங்க.”

சங்கிலி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“என்னிக்கு வரணும்மா?” என்று கேட்டான்.