முகம் தெரியாத அரை மணி நேரம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காதுக்கருவி விற்கும் கடையில், மாமனாருக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது. சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே இருந்தவர் திடீரென்று, "பாலம் திறக்கிறதை மறுபடியும் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார். திரையில் பாலமும் இல்லை, ஒரு வரி எழுத்தும் இல்லை.

"சார் உதட்டைப் பார்த்தே நியூஸ் கேட்டுடுவார்" என்றாள் கடைப் பெண்.

அவ்வளவுதான். மாமனாரை அங்கேயே மறந்துவிட்டு வந்திருப்பேன். நல்லவேளை, அவர் என்னை மறக்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: 'அவள் குரலில் தேன்...' (அடித்துவிட்டேன். இருபத்திரண்டு நாவல்களில் என்னிடமிருந்த தேன் தீர்ந்துவிட்டது.)

இரண்டாவது: 'ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவளைப் பார்த்த பார்வையில்...' (இதையும்தான். என் பதிப்பாளருக்குப் பிடித்திருக்கும். ஆனால் ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது இன்னொரு ஆண் இல்லை. இருக்கிற ஆண் உட்கார்ந்து கேட்க வேண்டும், அது போதும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். இருபத்தாறு வருடம் தொலைக்காட்சியில் எட்டு மணிச் செய்தி வாசித்தவள் அவள். தெருவுக்கே 'எட்டு மணி அக்கா'. ஓய்வு பெற்ற பிறகு, வானொலியில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் கிடைத்தது. முறையாகச் சங்கீதம் கற்றவள் இல்லை; கேட்டுக் கேட்டுப் பைத்தியமானவள். தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளைப் போட்டு, ஏன் பிடிக்கும் என்று சொல்வாள்.

"இத்தனை வருஷம் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். இப்பதாங்க நானாப் பேசறேன்" என்றாள் கணவரிடம்.

அவர் அச்சகத்தில் இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். தலையாட்டினார்.

முதல் நிகழ்ச்சி முடிந்ததும் தங்கை போன் செய்தாள். "அக்கா, ராகத்தோட பேரைக்கூட ரயில் கவிழ்ந்த மாதிரியே சொல்றியேக்கா! கொஞ்சம் சிரிச்சுப் பேசேன்."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். கணவர் எதிரே வந்து உட்கார்ந்து, "எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனாள். அதற்கடுத்த ஞாயிறும். அப்படி ஏழு மாதம்.

3.

எனக்கே நம்பிக்கை வராத இடம் இது. உங்களுக்குப் புரிந்திருக்கும்: அவருக்குக் காது கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

நான்கு நாள் எழுதாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பிறகு, பல வருடம் முன்பு அவள் தங்கையிடம் அடித்த ஜம்பம் ஒன்றை எழுதினேன்:

"உன் வீட்டுக்காரர் பேப்பருக்குள்ள இருந்து உம் கொட்டுவார். இவர் அப்படி இல்லடி. நான் வாயைத் திறந்தா கையில இருக்கிறதைக் கீழ வச்சுட்டு முகத்தையே பார்ப்பார். இருட்டா இருந்தா எழுந்து போய் லைட்டைப் போட்டுட்டு வந்து கேட்பார்."

"கொடுத்து வச்சவ நீ" என்றாள் தங்கை.*

(* இங்கே எழுந்து போய், என் கணவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை திரும்பினார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.)

4.

ஏழாவது மாதத்தில் ஒரு வாரம் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டாள். ஒரு தடவையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆசை. அவரிடம் சொல்லவில்லை. நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கூடத்தில் அவர் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வானொலிக்கு நேர் எதிரே நாற்காலி. முழங்கால்மேல் இரண்டு கைகள்.

வானொலியில் நிகழ்ச்சி இல்லை. முள் நிலையத்தை விட்டு விலகியிருந்தது. இரைச்சல், வெறும் இரைச்சல், சுவர் அதிரும் அளவுக்கு. அவர் அதைக் கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் பின்னாலிருந்து. திரும்பவில்லை. இன்னும் பலமாக, "ஏங்க!" 

(இங்கே அவளை அழ வைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏழு மாதப் பொய்கூட அவளுக்குப் பெரிதில்லை. பொய் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தையே பார்த்தது, விளக்கைப் போட்டது எல்லாம் எதற்கு? அவளுக்காகவா, அவள் உதட்டுக்காகவா?)

சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

5.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அவள் கருவி வாங்கித் தருகிறாள், அவர் இசை கேட்டுக் கண் கலங்குகிறார். கடைப் பெண்ணிடம் விசாரித்தேன். "மேடம், இது பேச்சுக்குன்னு செஞ்சது. பாட்டுக் கேட்டா முதல்ல தட்டு உருள்ற மாதிரி இருக்கும்" என்றாள். போயிற்று.

இரண்டாவதில், அவள் எதிரே உட்கார்ந்து அரை மணி நிகழ்ச்சியையும் உதட்டாலேயே சொல்கிறாள். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, அதனால்தான் சந்தேகம். கோபமாக இருப்பவளிடம் அவ்வளவு அழகை நான் எப்படிக் கேட்பது?

மூன்றாவது, முடியாமல் நிற்கிறது:

நாலரைக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்து வானொலியை அணைத்தார். சமையலறை வாசலுக்கு வந்தார். "அட, எப்ப வந்தே? இன்னிக்கு அந்த வயலின் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அன்று அவள் போட்டது புல்லாங்குழல்.

அவருக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "நீங்க என்னைக் கேட்டதே இல்ல. பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்கீங்க."

தோள் அசைந்ததை அவர் கண்டிருக்க வேண்டும். "என்னமோ சொன்னியே? திரும்பிச் சொல்லு."

குழாயை மூடினாள். திரும்பினாள்.

இந்த இடத்தில் என் நாவல்களில் எல்லா மனைவிகளும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுதி எழுதி என் கைக்குப் பழகிவிட்டது. இப்போதும் பேனா அந்தப் பக்கமே இழுக்கிறது. அதே வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேராக அவள் சொல்லலாம். 'எத்தனை வருஷமா?' என்று கேட்கலாம். அவர் உண்மையைச் சொல்லவும் கூடும். நான் பேனாவைக் கீழே வைக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம். அவள் வாயைத் திறந்துவிட்டாள், அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு