தட்டி நிரப்பிய தொட்டி

புதூர்நாட்டு மலையில் சாமை அளக்கும்போது படியைத் தட்டாமல் கொடுப்பவனைத் திருடன் என்பார்கள். நன்றாகத் தட்டி, அடங்கியதும் மேலே ஒரு கை போட்டுக் கூம்பாகக் கொடுக்க வேண்டும். செவ்வந்தி அப்படி வளர்ந்தவள். அடிவாரத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்ததும், அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தாள்.

அவள் ஊர்க் கானாற்றுக்குப் பாலம் வரப்போகிறது. கரை முழுக்க மணல். இரும்புத் தூணை அடித்து இறக்கினால் பக்கத்து வீடுகள் ஆடும். அதிர்வைக் குறைத்துத் தூண் இறக்கும் புது முறை ஒன்றைப் பேராசிரியர் ஜீவானந்தம் சோதித்தார். நெஞ்சு உயரத் தொட்டியில் அந்தக் கரை மணலையே சல்லடையால் தூவி நிரப்புவார்கள். நடுவில் சிறு தூண் இறங்கும். ஓரத்தில் நிற்கும் முழ உயரச் செங்கல் சுவர் எவ்வளவு புதைகிறதென்று கருவி காட்டும்.

மணல் தூவுவது செவ்வந்தியின் வேலை. கரையில் கிடப்பது போலவே அது பொலபொலவென்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு எடுபிடிக்கு இதையெல்லாமா விளக்குவார்கள்? ஒவ்வொரு முறையும் தொட்டியின் நாலு பக்கமும் ரப்பர் சுத்தியலால் தட்டி, அடங்கிய இடத்தில் மேலும் மணல் போட்டு, மனசார விளிம்புவரை மட்டம் பார்த்தாள். பதினாறு சோதனையிலும் சுவர் அசையவில்லை. பயமில்லை என்று அறிக்கை போனது.

கரையோர முதல் வீடு அவள் அண்ணன் சடையனுடையது. சம்மதம் கேட்டு அதிகாரிகள் வந்தபோது ஊரே தயங்கியது. அவன் தயங்கவில்லை.

"எந்தங்கச்சி கையால நடந்த டெஸ்ட்டுங்க. அவ தப்பா அளக்க மாட்டா," என்று முதல் கையெழுத்துப் போட்டான்.

தூண் இறக்குவதற்கு முதல் நாள், புதிதாகச் சேர்ந்த மாணவி பூஜா, வேறொரு சோதனைக்குச் செவ்வந்தி தட்டி நிரப்புவதைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ அக்கா, தட்டாதீங்க! மணல் இறுகிட்டா சுவர் எப்பிடிப் பொதையும்?"

செவ்வந்தி சுத்தியலைக் கீழே போட்டாள். ஜீவானந்தத்தின் அறைக்கு ஓடினாள்.

"சார், தட்டித் தட்டி நெரப்பிட்டேன் சார். எல்லாமே தப்பு. நாளைக்கி வேலைய நிறுத்தச் சொல்லுங்க. எங்கண்ணன் வூடு அங்கதான் கீது."

அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும்மா. ஒவ்வொரு தடவையும் எடை கூடுதலா ஏறிச்சு, பாக்காமலா இருப்பேன்? ரிசல்ட் நல்லா வந்துச்சு, விட்டுட்டேன்." கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் விலகிப் போகிற ஆளா அவர்? "வெளிய சொல்லு, வேணாங்கல. தட்டினது நீதானே?"

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டாள். "நாளைக்கி எல்லாரும் வெளிய இருங்கண்ணா."

"இன்னாத்துக்கு? நீ பாத்த டெஸ்ட்டு, எனக்கு இன்னா பயம்?" என்று சிரித்தான். சொல்ல வாயெடுத்தாள். வெட்கம் விடவில்லை. பாவி, போனை வைத்துவிட்டாள்.

பொறுக்காமல் மறுநாள் காலை ஜீப்பேறி மலைக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது தூண் இறங்கியிருந்தது. பயந்த ஊருக்குத் தைரியம் காட்ட, சடையன் தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். அடிமணல் உள்வாங்கிச் சுவர் அவன்மேல் சரிந்தது. வெளியே இழுத்தபோது இரண்டு காலும் தொடைக்குக் கீழே கூழ்.

வேலையைப் பார்க்க வந்திருந்த ஜீவானந்தத்தை ஊர் சூழ்ந்துகொண்டது. அவர் செவ்வந்தியைக் கைகாட்டினார். "மணல் நெரப்பினது இந்தப் பொண்ணு. அதையே கேளுங்க."

ஜீப்பில் கிடத்தியிருந்த சடையன் தலையைத் தூக்கினான். "செவ்வந்தி, நீ சொல்லு. சரியாத்தான நெரப்பின?"

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. அண்ணனின் கண்ணைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சரியாத்தாண்ணா நெரப்பினேன்."

ஜீவானந்தம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கும் அதுதான் வசதி. சடையன் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மனைவி திரௌபதியைப் பார்த்து, "நான் சொல்லல?" என்றான். ஜீப் அடிவாரம் சேரும்வரை தங்கச்சியின் கையை அவன் விடவேயில்லை.